ஊருக்கே நாடி பார்க்கும் டாக்டர்



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "பெரியவனானதும் என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டாக்டர்!" என்று பட்டென்று பதில் வரும். பெற்றவர்களுக்கும் அதே ஆசைதான். பெரட்டுக்கு இருட்டோடு இருட்டாக எழுந்து போகிற அப்பாவும், களைக்கொல்லித் தகரம் சுமக்கிற அம்மாவும் கண்மூடிக் காணுகிற கனவு அது.

டாக்டர் என்றதும் நம் கண்முன் யார் வந்து நிற்கிறார்? வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், கையில் ஊசி. நோயாளி படுத்திருப்பார், இவர் நின்றுகொண்டிருப்பார். ஆனால் இன்னொரு வகை டாக்டரும் இருக்கிறார். அவர் அறையில் கட்டில் கிடையாது. சுவரில் மாவட்டத்தின் வரைபடம் தொங்கும். மேசைமேல் மருந்துப் புட்டிகளுக்குப் பதிலாகக் கணக்கு ஏடுகள் இருக்கும். அவருடைய நோயாளி தனி மனிதர் அல்ல. ஒரு தோட்டம், ஒரு கம்பம், ஒரு பட்டணம். நீங்கள் நோயில் படுக்கும் முன்பே உங்களுக்காக உழைக்கிறவர் அவர்.

பொதுச் சுகாதார மருத்துவ நிபுணர் என்று அவரை அழைக்கிறார்கள். இருதய நிபுணர், எலும்பு நிபுணர் என்பதுபோல இதுவும் ஒரு தனித் துறை. இதற்கும் ஆண்டுக்கணக்கில் படிப்பும் பயிற்சியும் உண்டு. "நோய் வராமல் தடுக்க ஒரு டாக்டர் எதற்கு? சுத்தமாக இரு என்று சொல்ல யாராலும் முடியுமே" என்று சிலர் நினைக்கலாம். அது அவ்வளவு சுலபமான வேலையா என்பதைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த கிள்ளானிலிருந்தே தொடங்குவோம்.

கிள்ளான் பட்டணத்தின் காய்ச்சல்

1901ஆம் ஆண்டு. கிள்ளானைச் சுற்றிலும் காடும் சதுப்பும். பட்டணத்தில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அதே துறைமுகம்தான். திறந்த சில வாரங்களிலேயே கூலியாட்கள், கப்பல்காரர்கள், உத்தியோகஸ்தர்கள் என்று வரிசையாகப் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசுமளவுக்கு நிலைமை முற்றியது.

அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897இல் இந்தியாவில், சிக்கந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆன அந்தச் செய்தியை வாட்சன் கிள்ளானில் செயலாக்கிக் காட்டினார்.

கையில் கொயினா மருந்து இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் மருந்தோடு நிற்கவில்லை. சதுப்பை வற்றவையுங்கள், கால்வாய் வெட்டுங்கள், பட்டணத்தை ஒட்டிய காட்டைத் துப்புரவு செய்யுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார். வேலை நடந்தது.

பலன் என்ன? கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901இல் 334 பேர். 1905இல் வெறும் 12 பேர்!

இங்கே நம் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "காய்ச்சல் தானாகவே குறைந்திருக்கக் கூடாதா? மழை குறைந்திருக்கும், கொசு குறைந்திருக்கும்." நியாயமான கேள்வி. வாட்சனும் அதை யோசித்திருந்தார். கால்வாய் வெட்டப்படாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளின் கணக்கையும் அவர் எழுதிவைத்தார். அங்கே 1901இல் 197 பேர். 1905இல் 353 பேர். அதாவது, அண்டைப் பகுதியில் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தபோது பட்டணத்தில் இறங்கியது. இந்த இரண்டாவது கணக்கு இல்லையென்றால் முதல் கணக்குக்கு மதிப்பு இல்லை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் பொதுச் சுகாதாரப் படிப்பின் அரிச்சுவடி.

அதே மருந்து, எதிரான பலன்

கிள்ளானில் வெற்றி கிடைத்துவிட்டது. இனி எல்லாத் தோட்டங்களிலும் காட்டை வெட்டிவிட்டால் மலேரியா ஓடிவிடும் என்று நினைத்தார்கள். அப்போது ரப்பர் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலம். தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கிய காலம்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் நினைத்தது நடந்தது. ஆனால் மேட்டுநிலத் தோட்டங்களில் காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! ஏன்? சமவெளிக் காட்டுச் சதுப்பில் வளரும் கொசு நிழலை விரும்புவது. மரத்தை வெட்டி நீரை வடித்தால் அது அழியும். மலைச் சரிவில் ஓடும் தெளிந்த ஓடையில் வளரும் அனோபிலிஸ் மெக்குலேட்டஸ் என்ற கொசுவோ வெயிலை விரும்புவது. காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரம் விழுந்து வெயில் பட்டதும் அது பெருகியது. ஒரே வேலைதான், ஓரிடத்தில் உயிரைக் காத்தது, மற்றோரிடத்தில் உயிரைக் குடித்தது.

அந்நாளில் ஆயிரம் பேரில் நூறு பேருக்குமேல் ஒரே ஆண்டில் மாண்டுபோன தோட்டங்களும் இருந்தன. ஊரில் காத்திருந்தவர்களுக்குக் கடிதம்கூடப் போய்ச் சேராத மரணங்கள் எத்தனையோ!

பிறகு மேட்டுநிலத்துக்கு வேறு வழி காணப்பட்டது. ஓடை நீரை மண்ணுக்கு அடியில் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். முதலில் இதைச் செய்து பார்த்த இடங்களில் ஒன்று சீபீல்டு தோட்டம். இன்று சுபாங் ஜெயா வட்டாரத்தில் அடுக்குமாடிகள் நிற்கும் அதே மண்தான். குழாய் போட முடியாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக இறங்கி எண்ணெய் தெளித்தவர்களில் நம் பாட்டன்மார் எத்தனை பேர்! வாட்சனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொழிலாளி படுத்துவிட்டால் பால் இறங்காது என்ற முதலாளிகளின் கணக்கும் இந்த வேலைக்குப் பின்னால் இருந்தது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் உயிர்கள் தப்பின.

இந்தத் துறையில் நம்மவர் பெயரும் உண்டு. பேராசிரியர் ஏ. ஏ. சந்தோஷம் மலாயாவின் மலேரியாவைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1959இல் வெளிவந்தது. வி. தாமஸ் என்பவருடன் சேர்ந்து அவர் அதைத் திருத்தி எழுதிய பதிப்பு 1983இல் வந்தது. டாக்டர்கள் படிக்கும் நூல் அது.

புழுங்கல் அரிசியின் பெருமை

இன்னொரு கதை கேளுங்கள். இது சமையலறைக் கதை.

அதே காலத்தில் மலாயாவை ஆட்டிவைத்த மற்றொரு நோய் பெரிபெரி. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், இருதயம் நின்றுவிடும். ஈய லம்பத்தில் வேலை செய்த சீனர்கள் பலர் இதற்குப் பலியானார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு இது அபூர்வமாகவே வந்தது. காரணம் என்ன? ஒரே வெயில், ஒரே மழை, ஒரே தண்ணீர். வித்தியாசம் சோற்றுப் பானையில் இருந்தது. அவர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

பிராடன் என்ற டாக்டர் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். பிளெட்சர் என்ற டாக்டர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசி. மற்றப் பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளையரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஆராய்ச்சியை மேலும் தொடர்ந்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் போவதில்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அந்தச் சத்துக்குத்தான் இன்று வைட்டமின் பி1 என்று பெயர்.

பேச வழியற்ற மனநோயாளிகளை வைத்து இப்படி ஒரு சோதனை நடத்த இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக்காது. சோதனைக்கு உட்படுகிறவரிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், நன்னெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்பது இன்றைய விதி. அந்தப் பதினெட்டுப் பேரின் சாவும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

பன்றிப் பண்ணையில் ஒரு துப்பறியும் வேலை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை" என்கிறீர்களா? நம் காலத்துக் கதை ஒன்றையும் சொல்கிறேன்.

1998ஆம் ஆண்டு இறுதியில் ஈப்போ வட்டாரத்திலும், பின்னர் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கிலும் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

அப்போதுதான் சிலர் கணக்கைக் கூர்ந்து பார்த்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுகிறவர்களோ பெரியவர்கள், அதுவும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்கிறவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுகிறார்கள். கொசு என்றால் பண்ணையில் வேலை செய்கிறவரை மட்டும் தேடிப் பிடித்தா கடிக்கும்? பன்றிகளும் இருமிக்கொண்டு சாகின்றனவே!

1999 மார்ச்சில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா கிருமி எனப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. அதன் பிறகே நோய் நின்றது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து அந்தக் கிருமி வந்தது என்பதும் தெரியவந்தது.

யாருக்கு வருகிறது? யாருக்கு வரவில்லை? எங்கே? எப்போது? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் சீக்கிரம் வந்தால் சாவு குறையும். தாமதமாக வந்தால் கூடும். இந்தப் படிப்பின் அருமை அங்கேதான் இருக்கிறது.

என்ன படிக்கிறார்கள்? எங்கே படிக்கிறார்கள்?

முதலில் மற்ற டாக்டர்களைப் போலவே ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டாண்டு பயிற்சி டாக்டர் வேலை. இரவு பகல் பாராமல் உழைக்கும் காலம் அது. அதன் பின் சில ஆண்டுகள் மருத்துவ அதிகாரியாகச் சேவை. ஆகவே இவர் ஊசி போடத் தெரியாத டாக்டர் அல்ல. பிரசவமும் பார்த்தவர், காயமும் தைத்தவர்.

அதற்குப் பிறகே நிபுணத்துவப் படிப்பு. ஒரு காலத்தில் இதற்காகச் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ போக வேண்டியிருந்தது. 1960களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு உருவானது. அதன் முதல் தலைவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சாரைத் தாண்டினால் பந்தாய் பள்ளத்தாக்கில் அந்தப் பல்கலைக்கழகமும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. சமூக, நோய்த்தடுப்பு மருத்துவத்துக்கு அங்கே தனித் துறை உண்டு. இன்று செராஸில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வேறு இடங்களிலும் இதைப் படிக்கலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. நோய் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சி, புள்ளிவிவரக் கணக்கு, தாய்சேய் நலம், சுற்றுப்புறச் சுகாதாரம், தொழிலாளர் நலம், நிர்வாகம் என்று பாடங்கள். அதன்மேல் மூன்றாண்டு முனைவர் பயிற்சி. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் மாநிலச் சுகாதாரத் துறையிலும் நேரடி வேலை, சொந்தமாக ஓர் ஆய்வு. நோய் கிளம்பினால் வண்டியேறிப் போக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். தண்ணீரைச் சோதிக்க வேண்டும். முதலாளியிடமும் பேச வேண்டும், கடைக்காரரிடமும் பேச வேண்டும், பயந்துபோன தாயிடமும் பேச வேண்டும். எல்லாம் முடித்து நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏறியபின்தான் அவர் நிபுணர். அரசாங்கச் சேவையில் இருக்கும் டாக்டர்கள் இதைப் படிக்க உபகாரச் சம்பளமும் உண்டு.

பங்சார் சாலையில், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, நெடுங்காலம் பொதுச் சுகாதாரக் கழகம் இருந்தது. சுகாதார ஊழியர்கள் எத்தனையோ பேர் பயிற்சி பெற்ற இடம். இப்போது அது ஷா ஆலாம் செத்தியா ஆலாமுக்கு இடம் மாறிவிட்டது. நாட்டு மக்களின் உடல்நலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பது இந்தக் கழகம்தான்.

இன்றைய எதிரி யார்?

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டுக்குள்ளேயே தொற்றியதாக 2018 முதல் ஒரு சம்பவமும் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. பாட்டன் காலத்துப் பகைவனை ஏறக்குறைய வென்றுவிட்டோம்.

இன்றைய பகைவன் சத்தமில்லாதவன். அவன் பெயர் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31.4! மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நாட்டில் இந்நோய் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்தது. ஆனால் அப்போதும் முதலிடம் நமக்குத்தான்.

காலை எடுத்தபின் டாக்டரைத் தேடி என்ன பயன்? இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொன்னவர், "எங்கே, யாருக்கு, ஏன்" என்று கேட்கிற அதே ஊர் டாக்டர்தான். கிள்ளானில் கால்வாய் வெட்டினார்கள். இன்று வெட்ட வேண்டிய கால்வாய் நம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் பால்டின் தேநீர் என்று எண்ணிப் பாருங்கள்!

டிங்கியும் நம்மை விடவில்லை. ஏடிஸ் கொசு முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். பால்வெட்டை நிறுத்திய நிரையில் கவிழ்க்காமல் விட்ட மங்கும், வாசலில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியும் அதற்குத் தொட்டில். ஆகவே வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். மங்கைக் கவிழ்த்து வையுங்கள். இவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

அறுவை செய்து உயிரைக் காத்த டாக்டருக்குப் பழத்தட்டோடு போய் நன்றி சொல்கிறோம். வராத காய்ச்சலுக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. சாகாமல் போன பிள்ளை எது என்று தாய்க்குக்கூடத் தெரியாது. அதனால்தான் இந்த டாக்டருக்குப் பேரும் குறைவு, இந்தப் படிப்புக்குப் போட்டியும் குறைவாகத் தோன்றுகிறது.

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! சுகாதார இலாகாவினர் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். காய்ச்சலில் படுத்திருப்பவரை மறைக்காதீர்கள். டிங்கி என்று கண்டால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது உங்களைத் தண்டிக்க அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காக்க. கணக்கெடுக்க வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் நம் நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு மருந்தும் வராது, கால்வாயும் வராது. லயத்தில் நான்கைந்து வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் கண்டால் தனித்தனியாக மாத்திரை வாங்கி முழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிப்பது அவர்கள் வேலை.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு இனிப்பு நீர் இருந்தால் நாற்பதுவரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை மருத்துவம் படிக்கப் போனால், இப்படியும் ஒரு துறை இருக்கிறது என்று சொல்லுங்கள். லயத்தில் பிறந்து, பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த சில விஷயங்கள் பங்களாவில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. தோட்டத்தில் யாருக்கு எதனால் நோய் வருகிறது என்று கேட்க, அந்தப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார் இருக்க முடியும்?

வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அணை போடுவதையே தொழிலாகக் கற்றவர்கள் இந்த டாக்டர்கள். அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.